ஊர் வாசலில் கட்டிய படம்

பெரியவனே, சரோஜா, சின்னவனே,

தை மாதம் பெரியவன் தன் கம்பெனியில் கொடுத்த காலண்டரைக் கொண்டுவந்தபோது நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சாமி படமும் இல்லை, குழந்தைப் படமும் இல்லை. ஒரு மஞ்சள் கட்டம், இரண்டு நீலக் கோடு, அவ்வளவுதான். சின்னவன் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எப்புடி மாட்டினாலும் ஒண்ணுதான். இதையெல்லாம் எவன் காசு குடுத்து வாங்குவான்?" என்றான். மூன்று பேரும் சிரித்தீர்கள். நான் அதை அவன் கையிலிருந்து பிடுங்கி நேராக மாட்டிவிட்டு, போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்து போனேன். "இந்த மனுசனுக்கு இன்னா வந்துச்சு?" என்று உங்கள் அம்மா கேட்டது தெருவரைக்கும் கேட்டது.

என்ன வந்தது என்று வாயால் சொல்ல எனக்கு வராது. எட்டாவதோடு நின்றவன். எழுதினால் கொஞ்சம் வரும் என்று எழுதுகிறேன். அந்த மாதிரிப் படங்களைக் காசு கொடுத்து வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் எழுதுவது சரியா என்று அவர்களைக் கேட்க வழியில்லை.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, பெங்களூர் ரோட்டோரம் ஒரு சின்ன மாட்டாஸ்பத்திரி இருந்தது. அதில் கம்பவுண்டர் வேலை எனக்கு. இன்றைக்குக் கம்பெனிச் சுவர் ஓடுகிற இடமெல்லாம் அன்றைக்குக் கேழ்வரகுக் கொல்லை. அங்கே மாற்றலாகி வந்த மாட்டு டாக்டர் அவர். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. மனைவியும் பிள்ளைகளும் படிப்புக்காகத் திருச்சியிலேயே தங்கிவிட்டார்கள்.

வந்த அன்று லாரியிலிருந்து இறங்கியது ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சாக்குப் பாத்திரம். அதற்கப்புறம் போர்வையில் சுற்றிய தட்டை தட்டையான மூட்டைகள், பதினான்கு. ஒன்றை எடுத்து அக்குளில் இடுக்கினேன். "பார்த்து! பார்த்து!" என்று ஓடிவந்தார்.

"கண்ணாடிங்களா?"

"இல்லை."

"சாமி படமுங்களா?"

"இல்லை."

"பின்னே இன்னாங்க?"

"படம்."

அன்று மாலைக்குள் இரண்டு அறைச் சுவரும் நிறைந்துவிட்டது. கித்தானிலும் அட்டையிலும் எண்ணெய்ச் சாயத்தில் எழுதியவை. ஒன்றில்கூட ஆள் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. ஒன்றில் முழுக்க நீலம், கீழே மட்டும் ஒரு பழுப்புப் பட்டை. இன்னொன்றில் வெள்ளைமேல் வெள்ளை. எல்லாவற்றிலும் பெரியதில் ஒரு கறுப்பு வட்டம், அதற்குள் கொஞ்சம் இடதுபுறம் தள்ளி ஒரு சிவப்பு, நான்கு பக்கமும் வெளியே போகிற கோடுகள். அது எதைப் போல இருந்தது என்று எழுத வருகிறது எனக்கு. ஆனால் கை நிற்கிறது. அவர் ஒப்பமாட்டார்.

லீவு கிடைத்தால் மெட்ராசுக்குப் போவார், பெங்களூருக்குப் போவார். அங்கே யாரோ சின்ன வயசுப் பையன்கள், அப்போதுதான் ஓவியப் பள்ளியை முடித்தவர்கள், வாடகை அறையில் உட்கார்ந்து எழுதுவார்களாம். யாரும் வாங்கமாட்டார்களாம். இவர் வாங்கிக்கொண்டு வருவார். பம்பாயிலிருந்து ஒன்று பார்சலில் வந்தது. அது வருகிற வரைக்கும் நாலு நாள், ரோட்டில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டாலெல்லாம் ஊசியைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்துவிடுவார். மாட்டுக்காரன், "நான் இங்க இருக்கேன் சாமி" என்பான். செருப்பு அறுந்து அறுந்து தைத்துப் போட்டதுதான் போட்டிருப்பார்.

வீட்டுக்குள் அடுப்பு எரிக்க விடமாட்டார், புகை படியும் என்று. சமையல் பின்பக்கம் கீற்றுக் கொட்டகையில். மழைக் காலத்தில் வேலைக்கு நடுவே எழுந்து போய் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பார். கன்றுக்குட்டியின் காதைப் புறங்கையால் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பாரே, அதே மாதிரி ஒவ்வொரு படத்தின் முதுகையும் புறங்கையால் தொடுவார். ஈரம் தட்டியிருந்தால் அவர் முகம் போகிற போக்கு, நோவு கண்ட மாட்டைப் பார்த்தாலும் அப்படிப் போகாது. கரையான் கனவு வந்ததென்று ஒருநாள் காலையில் வந்து சொன்னார். நான் சிரிக்கவில்லை.

ஒரு தடவை ரெவின்யூ அதிகாரி ஒருவர் தன் பசுவைக் காட்ட வந்தார். குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "இது நண்டு மாதிரி இருக்கே டாக்டர்!" என்றார்.

"நண்டு இல்லைங்க."

"மாதிரின்னுதானே சொல்றேன்."

"மாதிரியும் இல்லைங்க. நண்டு பாக்கணும்னா ஏரியில இருக்கு சார்."

அதிகாரி காபியை வைத்துவிட்டு எழுந்தார். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக் கூரையை ரிப்பேர் செய்யக் கேட்ட மனு திரும்பி வந்தது. நான்தான் அதைப் பிரித்தேன். "'ஆமாங்க, கொஞ்சம் நண்டு மாதிரி'ன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்று கேட்டேன். "இல்லாததை எப்படிப்பா சொல்றது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அதற்கு வழி தெரியாதவர் மாதிரிக் கேட்டார்.

மாட்டிடமும் அப்படித்தான். கம்பியை விழுங்கிவிட்ட எருதை ஒருவன் ஓட்டிக்கொண்டு வந்தான். உழவு நேரம். "பொழைக்குமுங்களா?" என்றான். எந்த டாக்டரும் 'பார்ப்போம்' என்பார். இவர், "பொழைக்காது" என்றார். அவன் அங்கேயே குந்திவிட்டான். இன்னொருவன் கேட்டால், "தெரியாது" என்பார். தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தெரியாது. அதனால் சுற்றுவட்டாரத்தில் அவருக்குத் 'தெரியாது டாக்டர்' என்றே பெயர். கிருஷ்ணகிரியிலிருந்து வருகிற மாட்டுத் தரகர் பாய் ஒருவர் இருந்தார். வாசலில் நின்றே, "இன்னா கம்பவுண்டரு, தெரியாது டாக்டர் இருக்காரா? இருந்தா இருக்காருன்னு சொல்லு, இல்லாட்டி தெரியாதுன்னு சொல்லு!" என்று கத்துவார். உள்ளேயிருந்து டாக்டர் சிரிப்பது கேட்கும்.

எதற்காக இந்தப் படங்கள் என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். "நாள் பூரா இது என்ன நோவு, அது என்ன நோவுன்னு தேடறேன். இதுங்க முன்னாடி நான் எதையும் கண்டுபிடிக்க வேணாம்" என்றார். எனக்கு அது பாதிதான் விளங்கியது. இப்போதும் பாதிதான்.

அந்தப் பாய்தான் ஒருநாள் வாசலில் கத்தாமல் நேராக உள்ளே வந்து நின்றார். எல்லைக்கு அந்தப்பக்கம், மைசூர்ச் சீமையில் நடந்த சந்தைக்குப் போயிருந்தாராம். பேசி முடித்த மாட்டைக்கூட விட்டுவிட்டு வந்துவிட்டார்.

"மாடு அழுவுது டாக்டர். கண்ணுல தாரதாரையாத் தண்ணி. வாயில நூலு நூலா எச்சி. கழிச்சல் வேற. ஒரு மாடு இல்ல, வரிசையா நிக்குது."

டாக்டர் கையிலிருந்த குப்பியை மெதுவாகக் கீழே வைத்தார். "எத்தனை நாளாச்சு?"

"மூணு, நாலு. அங்க வாங்கின மாட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டு வந்துட்டிருக்கானுங்க, இந்த ரோட்டுல."

அது வெக்கை நோய். நீங்கள் அதைப் பார்த்ததில்லை, பார்க்க வேண்டியதுமில்லை. கொட்டிலுக்குள் வந்தால் பத்து நாளில் கட்டுத்தறி மட்டும் நிற்கும். அதற்கு அப்போது ஒரே வழி ஊசி. ஆட்டின் உடம்பிலிருந்து தயாரித்த மருந்து. பெங்களூரிலிருந்து பஸ்ஸின் மேல், மரத்தூளும் ஐஸும் அடைத்த கோணிப்பையில் புதைத்து வரும். ஐஸ் இரண்டு நாள் தாங்கும். கரைந்தால் மருந்து வீண். அடுத்த பை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

மூன்று ஊர்களில் போட்டோம். நான்காவது, சானமாவுக் காட்டை ஒட்டிய ஒரு ஊர். அந்த ஊர் மாடுகள் காட்டுக்குள் மேயும்போது பத்து ஊர் மாடுகளோடு கலக்கும். "அங்க விட்டா எல்லா இடத்துலயும் விட்ட மாதிரி" என்றார் டாக்டர். ஆனால் அந்த ஊரில் முன்னொரு காலத்தில் ஊசி போட்டுக் காய்ச்சல் வந்த மாடுகளைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பயம் போகவில்லை. மந்தைவெளியில் ஊரே கூடி நின்றது. மணியக்காரர்தான் பேசினார்.

"ஊசி போட்டா ஒண்ணும் ஆவாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டரே. மாட்டை வுடறோம்."

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. காய்ச்சல் வரும். ரெண்டு மூணு நாள் தீனி எடுக்காது. நோஞ்சானா இருந்தா ஒண்ணு ரெண்டு சாகலாம். சினை மாட்டுக்குப் போடக் கூடாது, கலைஞ்சிடும்."

"போடாம வுட்டா?"

"வெக்கை வந்தா பாதிக்கு மேல போயிடும்."

"வருமா?"

"தெரியாது. வரும்னு நினைக்கிறேன்."

கூட்டத்தில் ஒருவன், "ஆவாதுன்னு சொல்ல இந்த மனுசனுக்கு வாயில முள்ளா குத்துது!" என்றான். சிலர் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. அவர் உதடு காய்ந்திருந்ததை நான் பார்த்தேன். கோணிப்பையின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பிப் போக வண்டி பூட்டும்போது மணியக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏம்பா கம்பவுண்டரு, போன மாசம் கன்னுக்குட்டியக் காட்ட வந்தப்ப ஜன்னல் வழியாப் பாத்தேன். அவரு ஊட்டுச் சொவுத்துல ஒரு சக்கரம் மாட்டி வெச்சிருக்காரே, கறுப்பு வட்டம், நடுவுல ரத்தப் பொட்டு. அது எங்க எழுதி வாங்கனது?"

அந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாது. கால்நடைக்குக் கொள்ளை நோய் வருகிற வருஷம், மந்திரித்த சக்கரத் தகட்டை ஊர் வாசலில் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். ஊர் மாடு மொத்தமும் ஒவ்வொன்றாக அதன் அடியில் நுழைந்து போகவேண்டும். தகடு எழுதுகிறவர் இறந்துபோய், அந்த ஊரில் சக்கரம் இல்லாமல் இருந்தது.

"அது சக்கரமில்லீங்க, படம்" என்றேன்.

"போப்பா! மாட்டு வைத்தியம் பாக்கறவரு ஊட்டுல சொவுரு பூரா சும்மாவா மாட்டி வெப்பாரு? ஆளு இல்ல, சாமி இல்ல, மரம் மட்ட இல்ல. சும்மா அதை யாருன்னா மாட்டுவாங்களா? அதைக் குடுக்கச் சொல்லு. மாடு வாசல்ல வரும். அப்ப உங்க ஊசியையும் போட்டுக்கிட்டுப் போங்க. ஆனா சக்கரம்னு அவரு வாயால சொல்லணும்."

மாடு ஒவ்வொன்றாக, வரிசையாக. எனக்கு அதுதான் கண்ணில் நின்றது. ஊசி போட அதைவிட வசதி வேறே இல்லை. ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். அப்போது என் வாயிலிருந்து தானாக வந்தது இது:

"அவரு சொல்ல மாட்டாருங்க. சொல்லவும் கூடாது. எழுதிக் குடுத்தவரு அப்புடி சொல்லிட்டாரு, உடையவன் வாயால சக்கரம்னு சொன்னா பலிக்காதுன்னு. யாரு கேட்டாலும் படம்னுதான் சொல்வாரு. வேணும்னா கேட்டுப் பாருங்க."

மணியக்காரர் என்னையே பார்த்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார். "அதானே பாத்தேன்" என்றார்.

வண்டியில் டாக்டரிடம் இன்னொரு பொய் சொன்னேன். "அந்த வட்டப் படம் மணியக்காரருக்கு ரொம்பப் புடிச்சிருக்காமுங்க. ஊர் வாசல்ல கட்டினா எல்லாரும் பாப்பாங்களாம். பாக்கறதுக்குக் குடுத்தா, ஊசிக்கு மாடு வுடறோம்னு சொல்றாருங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்டுகொண்டாரோ என்று நினைத்தேன்.

"புடிச்சிருக்குன்னா சொன்னாரு?"

"ஆமாங்க."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "எது, அந்தச் சிவப்பு தள்ளி இருக்கே, அதைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாருங்க. சிவப்பைத்தான் சொன்னாரு."

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தனை வருஷத்தில் அவரிடம் ஒரு படத்தைப் பிடித்திருக்கிறது என்று சொன்னவர்கள் யாருமில்லை. ஆஸ்பத்திரி வருவதற்குள் மூன்றாவது தடவையும் கேட்டார்.

மறுநாள் காலையில் அந்தப் படத்தைத் துவைத்த வேட்டியில் சுற்றி, வண்டியில் தன் மடிமேலேயே வைத்துக்கொண்டு வந்தார். பள்ளம் வந்தால் இரண்டு கையாலும் தூக்கிப் பிடிப்பார். ஊர் வாசலில் இரண்டு கம்பு நட்டு, வேப்பிலை கட்டி, கயிறு இழுத்திருந்தார்கள். வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்து அவரே கட்டினார். ஊர் முழுக்க நின்று பார்த்தது. அவ்வளவு அமைதியாக ஒரு கூட்டம் நின்று நான் பார்த்ததில்லை.

ஒரு இளவட்டம் முன்னால் வந்து, "டாக்டரே, இது இன்னாங்க?" என்றான். மணியக்காரர் என்னைப் பார்த்தார்.

"படம்" என்றார் டாக்டர்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டாக்டர் அதைக் கவனிக்கவில்லை, கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதருகே குனிந்து சொன்னார்: "பாத்தியா, ஒருத்தர்கூட அது மாதிரி இருக்கு, இது மாதிரி இருக்குன்னு சொல்லலை."

நான் மருந்துப் பையைப் பிரிக்கப் போய்விட்டேன்.

சினை மாடுகளையும் நோஞ்சான்களையும் புளியமரத்தடியில் தனியே கட்டச் சொல்லியிருந்தார். மற்றவை வரிசையில் வந்தன. அவர் கழுத்தில் ஊசி போடுவார். நான் மருந்து கலந்து கொடுத்து, போட்ட மாட்டுக்குச் செம்மண்ணால் ஒரு கோடு இழுப்பேன். கலந்த மருந்து ரொம்ப நேரம் நிற்காது. புழுதி, சத்தம், கொம்பு. நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து, "தனியா நிறுத்தினதெல்லாம் அங்கயேதானே இருக்கு?" என்று கேட்டார். மரத்தடி எனக்கு முதுகுப் பக்கம். திரும்பிப் பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். பையில் ஐஸ் கையளவுதான் இருந்தது. "இருக்குதுங்க" என்றேன்.

உச்சிக்குள் முடித்துவிட்டோம்.

காய்ச்சல் மூன்றாம் நாள் கண்டது. அவர் சொன்னபடியே. நாங்கள் தினமும் அந்த ஊருக்குப் போனோம். ஒவ்வொரு கொட்டிலாக நுழைந்து காதைத் தொட்டுப் பார்ப்பார். எனக்கு மாட்டின் மேல் கவனமில்லை. யாராவது அவர் எதிரே 'சக்கரம்' என்ற சொல்லைச் சொல்லிவிடுவார்களோ என்று வாய்களையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். ஒரு மாடு செத்தால் ஊர் என்ன சொல்லும், அவர் என்ன சொல்வார், நான் எங்கே போவேன் என்று கணக்குப் போட்டுப் போட்டு எனக்கே காய்ச்சல் வந்தது போலிருந்தது. ஊர் வாசலை நெருங்கும்போதெல்லாம், "இந்தப்பக்கம் சுருக்கு வழிங்க" என்று அவரைப் பின்வழியாகவே கூட்டிப்போனேன். படத்தை அவர் பார்க்கக் கூடாது. அதை அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

எந்த மாடும் சாகவில்லை. ஐந்தாம் நாள் எல்லாம் தீனி எடுத்தன. 'தப்பித்தோம்' என்று மூச்சு விடுகிற நேரத்தில் எல்லம்மா வீட்டிலிருந்து ஆள் வந்தது.

எல்லம்மா புருஷனை இழந்தவள். இரண்டு ஏக்கர் மேட்டாங்காடு, ஒரு பசு. அந்தப் பசு ஐந்து மாதச் சினை, வயிறு தெரியாத மாடு. கலைந்துபோய்க் கிடந்தது. டாக்டர் குந்தி உட்கார்ந்து பசுவின் கழுத்தைப் பார்த்தார். செம்மண் கோடு இருந்தது.

"ஏம்மா, இதை மரத்தடியில கட்டச் சொன்னேனே?"

"கட்டனேன் சாமி. அப்பறம் மனசு கேக்கல. அத்தன மாடும் அடியில போவுது, எம்மாடு மட்டும் போவாம நின்னா எப்புடித் தங்கும்? அவுத்து ஓட்டியாந்துட்டேன்."

"எதுக்கு அடியில?"

எல்லம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இரகசியம் தெரிந்தவள் போலக் கொஞ்சம் சிரித்தாள்.

"தெரியுமுங்க. நீங்க உங்க வாயால சொல்லக்கூடாது. கம்பவுண்டரு சொல்லியிருக்காரு. நான் கேக்கமாட்டேன் சாமி." அவர் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, அவருக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாள். "நீங்க வருத்தப்படாதீங்க. ஊருக்காவ ஒண்ணு எடுத்துக்கிச்சு. எங்கூட்டுதா இருந்துட்டுப் போவுது. தாய் பொழைச்சுதே, அது போதும்."

அவர் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. பசுவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார், கையைக் கழுவினார். பிறகு ஊர் வாசலுக்கு நடந்தார். இந்தத் தடவை சுருக்கு வழி எதையும் நான் சொல்லவில்லை.

படம் முழுக்க மஞ்சள் பூசியிருந்தார்கள். சிவப்பு இருந்த இடத்தில் குங்குமம் விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. கற்பூரப் புகை கீழ்ப் பாதியைக் கறுக்க அடித்திருந்தது. மேலே ஆணியடித்து எலுமிச்சம்பழ மாலை. கித்தானில் அந்த ஆணி போன இடம் கிழிந்து தொங்கியது. அவர் அதன் எதிரே நின்றார். வழியில் போன இருவர் எங்களைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"அவுத்துக் கொண்டாந்து தொடைச்சுப் பாக்கலாமுங்க" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார்.

வண்டியில் ஏறினோம். படத்தைப் பற்றிக் கேட்பார், எப்படிச் சொன்னாய் என்று கேட்பார் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஊருக்கு நல்லதுதானே நடந்தது என்று ஒரு பதில். வேறு வழியில்லை என்று ஒரு பதில். அவர் கேட்டது வேறு.

"தனியா நிறுத்தினதெல்லாம் அங்கயே இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னு சொன்னியே. திரும்பிப் பாத்தியா?"

"பாக்கலீங்க."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒருநாளும் அவர் பேசவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெக்கை அந்த ரோடு வழியாக வந்தது. ஊசி போடாத ஊர்களில் கட்டுத்தறிகள் காலியாயின. எங்கள் நான்கு ஊரும் நின்றன. மணியக்காரர் தேங்காய் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, ஆள் கூட்டத்துக்கு நடுவே, "எங்க ஊரைக் காப்பாத்தினது இன்னான்னு டாக்டரே சொல்லட்டும்!" என்று குறும்பாகக் கண்ணைச் சிமிட்டினார். 'ஊசி' என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார். எதைச் சொன்னாலும் அது என்னவாகக் கேட்கும் என்று அந்த நொடியில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டார். மணியக்காரர் பெருமையோடு எல்லாரையும் திரும்பிப் பார்த்தார்.

அதிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு வருகிறவர்கள் சுவரைக் காட்டி "இது இன்னாங்க?" என்று கேட்டால் அவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். சும்மா இருப்பார். பாய்கூடக் கேட்டார்: "இன்னா டாக்டர், தெரியாதுன்னாவது சொல்லுங்களேன்." அதற்கும் சிரிப்புச் சத்தம் வரவில்லை. ஜன்னல்களுக்குத் தடித்த துணி தைத்துப் போட்டார். அவர் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே ஒரு சொல். அதை நான் எடுத்துக்கொண்டுபோய் வேறொன்றாக ஆக்கிவிட்டேன்.

அடுத்த வருஷம் மாற்றல் வந்தது. லாரி வந்து நின்றபோது நான் வழக்கம்போல் போர்வைகளோடு போனேன். எல்லாவற்றையும் அவரே சுற்றிக் கட்டி வைத்திருந்தார். ஒன்றைத் தூக்கக் குனிந்தேன். "வேணாம்பா, நான் பாத்துக்கறேன்" என்றார். மென்மையாகத்தான் சொன்னார். ஒவ்வொன்றாக, தானே தூக்கி, தானே ஏற்றினார். பதினெட்டுத் தடவை நடந்தார். நான் கையை என்ன செய்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "வரேம்பா" என்றார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. கடிதம் எழுத நினைத்து, முதல் வரி வராமல் விட்டேன்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்து காட்டுப் பக்கம் மேகம் கட்டியது. அந்தப் படத்தை ஊர் வாசல் கல்தூணில் சார்த்திக் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மேலே மறைப்பு எதுவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய எண்ணெய் டின் ஒன்றை வெட்டித் தட்டி நீட்டி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனேன். ஊர்க்காரர்கள் கொல்லையில் இருந்த நேரம். கல்தூணுக்குப் பின்னால் இரண்டு முளை அடித்து, தகரத்தைப் படத்துக்கு மேலே முன்னால் சரிகிற மாதிரி வைத்துக் கட்டினேன். மஞ்சளையும் குங்குமத்தையும் தொடவில்லை. அது அவர்களுடையது. ஓரத்தில் ஒரு விரற்கடை அளவுக்குக் கறுப்புக் கோடு மட்டும் இன்னும் தெரிந்தது.

பக்கத்துக் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் சேந்தி, தகரத்தின் மேல் ஊற்றிப் பார்த்தேன். முன்பக்கமாக வழிந்து தரையில் விழுந்தது. படத்தில் படவில்லை. சாரல் பக்கவாட்டில் அடித்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. தகரத்தை இடதுபுறம் நாலு விரல் நகர்த்திக் கட்டி, திரும்பப் போய் இன்னொரு வாளி சேந்திக்கொண்டு வந்தேன்.